நேற்றைய குழம்பும் என் தாராளமும்

எங்கள் தெருவில் எனக்குச் சிக்கனக்காரி என்று பெயர். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பேன். தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு வைப்பேன். புளித்துப்போன மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டுப் பணியாரம் சுடுவேன். திரிந்த பாலில் சர்க்கரை சேர்த்துச் சுருளக் கிளறி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுத்தால் சாப்பிட்டவர்கள் இன்னொரு கரண்டி கேட்பார்கள். "டீச்சர், சோறு மீந்துபோச்சு, என்ன செய்யலாம்?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கே வந்து கேட்பதுண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு, அதற்குப் பிறகும் கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா? நின்ற இடத்திலேயே வகுப்பெடுத்துவிடுவேன்.

அந்தப் பெயருக்கு நான் உரியவள் இல்லை. என் சமையலறையில் நாள் தவறாமல் சாப்பாடு வீணாகிக்கொண்டிருந்தது. அது ஊர் கண்ணிலும் என் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள எனக்கு இரண்டு துணை இருந்தது. ஒன்று, ஃப்ரிட்ஜ். மற்றது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டித் துடைக்க வரும் அம்மா. ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்வதில் சிரமமில்லை. பாதி வீடுகளில் நடக்கிற கூத்துதான். அந்த அம்மாவிடம் நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இத்தனை காலம் வாய் வரவில்லை.

முதலில், ஏன் மீந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மாமியார், கணவர், மகள், மகன், நான் என்று ஐந்து பேர். மாமியார் போய்ச் சேர்ந்தார். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். மகன் வேலைக்குப் பெங்களூர் போனான். ஆள் குறையக் குறைய அரிசியும் குறைந்திருக்க வேண்டும். நானோ ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடிதான் குறைத்தேன். இரண்டு பேருக்கு மூன்றரைப் பேர் சாப்பாடு என்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. சாம்பார் வைத்தால் சட்டி நிறைய, பொரியல் செய்தால் தட்டு நிறைய. கணவர் ஒருமுறை, "யாரும் வர்றாங்களா?" என்று கேட்டார். அதற்கு நான் கோபப்பட்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. யாராவது திடீரென்று வந்து, பானையில் சோறு இல்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், "டீச்சர் வீட்ல சாப்பாடு பத்தலை" என்று ஒரு சொல் வெளியே போய்விடுவது. இந்தப் பயம் என் அம்மாவிடமிருந்து வந்தது. 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் குடும்பம் நடத்தியவர் அவர். 1965இல் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட கதையையும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சோடு 1967 தேர்தல் வந்த கதையையும் அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் முன்னால் சோற்றுப் பானையைச் சாய்த்து வழித்த நாள் அவருக்குச் சாகும்வரை மறக்கவில்லை.

ஆனால் என் அம்மா அளந்து சமைத்தவர். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். மாசக் கடைசியில் அந்தக் கலயம் கைகொடுக்கும். "ஏ பிள்ள, பானையப் பாத்துப் போடாத, ஆளப் பாத்துப் போடு" என்பார். அவரிடமிருந்து நான் பயத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அளவை வாங்கிக்கொள்ளவில்லை.

மீந்ததையெல்லாம் கிண்ணங்களில் மாற்றி, தட்டு போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் அடுக்குவேன். அடுக்கி முடித்ததும் ஒரு நிம்மதி வரும், எதையும் கொட்டவில்லை என்று. கிண்ணம் உள்ளே போனதோடு என் பொறுப்பு தீர்ந்தது. மறுநாள் புதிதாகச் சமைப்பேன். பழைய கிண்ணத்தைப் பின்னால் தள்ளிப் புதுக் கிண்ணம் முன்னால் வரும். பின்வரிசையில் எது இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நாலைந்து நாள் கழித்து மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, கொட்டுவேன். அப்போது மனசு உறுத்தாது, "கெட்டுப்போச்சு, என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல சாப்பாட்டைக் கொட்டுவதற்குத்தான் மனசு கூசும். கெட்டுப்போன சாப்பாட்டைக் கொட்ட யாருக்குக் கூசும்? ஆக, ஃப்ரிட்ஜ் எனக்குச் செய்த உதவி, நல்லதைக் கெட்டதாக்கி என் கையில் கொடுத்தது.

எங்கள் ஆச்சி காலத்துப் பெண்கள் எதைப் பத்திரப்படுத்தினார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் சமைக்காத பண்டங்களைத்தான். மாங்காய் மலிந்தால் ஊறுகாய். மிளகாய் மலிந்தால் உப்பும் மோரும் சேர்த்து ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று மாற்றி மாற்றி மோர்மிளகாய். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் எல்லாம் மாசி, பங்குனி வெயிலில் வத்தலாகும். உப்பு, புளிப்பு, எண்ணெய், வெயில் ஆகிய நாலும்தான் அவர்களுடைய ஃப்ரிட்ஜ். பண்டத்தில் ஈரம் போனால் கிருமிக்குப் பிழைப்பில்லை. உப்பும் புளிப்பும் ஏறினாலும் அப்படியே. மலிவான பருவத்தில் வாங்கி, விலை ஏறும் பருவத்துக்கு வைத்துக்கொண்டது நிஜமான சேமிப்பு.

சமைத்த சாப்பாட்டுக்கு அவர்கள் கொடுத்த ஆயுள் மிகக் குறைவு. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. அதற்குமேல் மீந்தால் உப்பும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் கிள்ளி வைத்த வடகம். விசேஷ வீட்டில் மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டால் மறுநாள் சுண்டக்கறி. புளி ஊற்றிய மீன்குழம்பை ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை கொதிக்கவைப்பார்கள். தேங்காய் அரைத்த குழம்பையும் பருப்பையும் மறுநாளைக்கு நம்பி வைக்க மாட்டார்கள், அவை சீக்கிரம் ஊசிப்போகும். சொதி வைத்தால் அன்றைக்கே காலி செய்வார்கள். புளியோதரை மட்டும் பிரயாணத்துக்குப் போகும், ஏனென்றால் அதில் புளியும் நல்லெண்ணெயும் கூடுதல், ஈரம் குறைவு.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய காய்கறியைக் கவனிக்காமல் அழுகவிட்டேன். ஆக்கிய சோற்றையும் குழம்பையும் நாள்கணக்கில் பத்திரப்படுத்தினேன். மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போனால் இரண்டு பேருக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்ப எனக்குத் தெரியாது. 1999இல் உழவர் சந்தைகள் வந்தபோது விவசாயிக்கும் நமக்கும் நடுவில் தரகர் இல்லை, விலை குறையும் என்றார்கள். குறைந்தது உண்மை. குறைந்த விலையில் நான் இரண்டு மடங்கு வாங்கினேன். கீரைக்கட்டு மூன்றில் ஒன்று எப்போதும் மஞ்சளாகித்தான் போகும்.

என் பேர்போன பலகாரங்களின் கணக்கையும் சொல்ல வேண்டும். மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தால் நல்ல இட்லி உப்புமா. அதோடு நிறுத்தியிருந்தால் அது சிக்கனம். நானோ இட்லியைத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கிச் சேர்ப்பேன். மீந்த சோற்றில் முந்திரியும் நெய்யும் போட்டுப் பொங்கலாக்குவேன். மீந்த சப்பாத்தியைக் கீறி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, கொத்துவேன். ஒரு கிண்ணம் சோற்றைக் காப்பாற்ற அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பண்டம் செலவானது. அதுவும் பசிக்காகச் செய்ததல்ல, பாராட்டுக்காகச் செய்தது. அந்தப் பலகாரத்திலும் பாதி மீந்து, மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போகும்.

ஒரு தடவை இது உடம்புக்கே வினையானது. மதியம் வடித்த சோறு சித்திரை வெக்கையில் அடுப்பு மேடையிலேயே கிடந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் அதன் ஞாபகம் வந்தது. வாடை ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்துக் கணவருக்குக் கொடுத்தேன். நான் அன்றைக்கு வெறும் மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். நடுராத்திரியில் அவருக்கு வாந்தி. "வெளியில கண்ட எடத்துல டீ குடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். டாக்டரிடமும் டீக்கடையைத்தான் சொன்னேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் இருக்கும். உலையில் கொதித்தாலும் அந்த வித்துகள் சாகாது. சோறு ஆறி, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஊசின வாடை வந்தால்தான் கெட்டது என்று நினைத்திருந்தேன். இந்தக் கிருமி வாடையே இல்லாமல் வேலையைக் காட்டும். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் எந்தச் சூடும் கிருமிகளுக்கு வசதியான சூடுதான், நம் ஊர் அடுப்பு மேடை வருஷம் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் கணவரிடம் டீக்கடையைக் குற்றம் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்தால்தான் அவருக்குத் தெரியும்.

இனி அந்த அம்மா. அவர் பெயரை எழுதவில்லை, கேட்காமல் எழுதக்கூடாது.

காலையில் வருவார். வேலை முடிந்து கிளம்பும்போது நான் ஃப்ரிட்ஜைத் திறப்பேன். பின்வரிசைக் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நேற்றைய சோறு, முந்தாநாள் சாம்பார், அதற்கும் முந்தைய பொரியல். நாங்கள் இனிமேல் சாப்பிட மாட்டோம் என்று முடிவான பிறகுதான் அவருடைய தூக்குவாளிக்கு அது போகும். "நல்லாத்தான் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு" என்று சொல்லிக் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போவார். எனக்கு மனசு நிறைந்துபோகும். உணவும் வீணாகவில்லை, ஒரு வீட்டுக்குச் சாப்பாடும் கொடுத்தாயிற்று. எங்கள் வீட்டுச் சிக்கனத்தைப் பற்றி யாரிடமாவது பேசும்போது, "எங்க வீட்ல ஒரு பருக்கை கீழ போகாது. மிஞ்சினா வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் கொடுத்திருவேன்" என்று பெருமையோடு சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் என்னைத் திருத்தவில்லை. அவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் வாயில் வைக்கத் தயங்கிய சாப்பாடு அது என்பதை அப்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அவர்கள் வயிறு தாங்கும் என்று நினைத்தேன். எழுதும்போதே கூசுகிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு வருஷம் அவர் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார். கேஸ் விலை, பஸ் செலவு, மகளின் படிப்பு என்று காரணங்களையும் சொன்னார். நான் கூட்டவில்லை. "தினமும் சாப்பாடும் கொடுக்கத்தானே செய்றோம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குப்பைக்குப் போக வேண்டிய சாம்பாருக்கு நான் விலை போட்டு, அந்த விலையை அவர் கூலியில் கழித்திருக்கிறேன். சமையலறையில் நான் மிச்சம் பிடித்த பணம் எது என்று யாராவது கேட்டால், நேர்மையான பதில் அதுதான்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்குப் போகும்போது, தெருமுனைச் சாக்கடை ஓரம் அவர் தூக்குவாளியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அன்று காலை நான் கொடுத்த சோறு. பக்கத்தில் இரண்டு நாய்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. கொடுத்ததை மதிக்கவில்லையே என்ற ஆத்திரம். மறுநாள் அவர் வந்ததும் வராததுமாக, "நாய்க்குப் போடவா நான் கொடுத்தேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "போன வருசமே பிள்ளைக்கு வயித்தால போச்சு டீச்சர். அதுலேர்ந்து நாங்க சாப்புடுறதில்ல. வேண்டாம்னு சொன்னா நீங்க சங்கடப்படுவியன்னுதான் வாங்கிட்டுப் போறேன். எங்க வீட்லயும் ரேசன் அரிசி இருக்கு டீச்சர். சோறு பொங்காமலா இருக்கோம்?"

ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். அவர் வீட்டில் தினமும் புதுச்சோறு வெந்தது. பழைய சோறு வேண்டுமென்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. என் வீட்டுக் குப்பையை என் மனம் நோகாமல் எடுத்துப்போய்க் கொட்டும் வேலையையும் அவர் சேர்த்துச் செய்திருக்கிறார். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. போதாததற்கு நன்றியையும் அவரிடமிருந்துதான் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரி, வேண்டாம்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல" என்றுதான் சொன்னேன். பழியை அப்போதும் அவர் பக்கமே தள்ளினேன்.

தூக்குவாளி நின்றுபோனதும் கணக்கு வெளியே வந்தது. மாநகராட்சி வண்டிக்கு மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். மக்கும் குப்பை வாளியைத் தூக்கும்போது கை வலித்தது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ உணவு வீணாவதாகச் சொல்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம். தோல், தண்டு, எலும்பு எல்லாம் அதில் அடக்கம். தபால் எடை போடும் சின்னத் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் வைத்துப் பார்த்தபோது எங்கள் இருவர் பங்கு அந்தச் சராசரியைத் தாண்டியிருந்தது. அதுவும் தோல், தண்டு நீங்கலாக. ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். தாமிரபரணித் தண்ணீரில் காரும் பிசானமும் விளையும் ஊரில் இருந்துகொண்டு அந்தத் தண்ணீரை நான் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அளக்கத் தெரியாது என்றும் சொல்லித் தப்பிக்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு தக்காளிகூட அழுகவில்லை. எண்ணி வாங்கினேன், எண்ணிப் போட்டேன், ரசத்துக்குப் பாதிப் பழம் போதும் என்று கண்டுபிடித்தேன். ரசம் நன்றாகவே இருந்தது. விலை ஏறினால் அளக்கத் தெரிந்த கைக்கு, விலை இறங்கினால் மட்டும் எப்படி மறந்துபோகும்?

இன்னொன்றும் உறுத்தியது. நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவு உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய அந்தத் திட்டத்தில், காலையில் வருகைப் பதிவு எடுத்த பிறகுதான் அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று கணக்காகும். அமைப்பாளர் அம்மா அந்தத் தலைக்கணக்குப்படி அரிசி அளந்து போடுவார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆக்கிய அந்தச் சட்டியில் மீந்தது மிகக் கொஞ்சம். அந்த வருகைக் கணக்கை எழுதிக் கொடுத்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. தட்டில் சோற்றை மீதி வைத்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "சோத்த வீணாக்கலாமா?" என்று கேட்டவளும் நான்தான். வீட்டுக்கு வந்து இரண்டு தலையை எண்ணத் தெரியவில்லை.

இப்போது எண்ணுகிறேன். முதல்நாள் ராத்திரியே, நாளைக்கு மதியம் யார் யார், ராத்திரி என்ன என்று கணவரிடம் கேட்டுவிடுவேன். ஆளுக்கு அரை டம்ளர் அரிசி. திடீரென்று விருந்தாள் வந்தால் அவல் இருக்கிறது, ரவை இருக்கிறது, மாவு இருக்கிறது. பத்து நிமிஷத்தில் சூடாகத் தோசை வார்த்துக் கொடுத்தால் எவரும் குறை சொல்வதில்லை. தேங்காய் அரைத்த குழம்பு ஒருவேளை அளவுதான். இரண்டு வேளைக்கு வேண்டுமென்றால் புளிக்குழம்பு வைப்பேன். மாவு அரைத்ததும் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் பொங்க வெளியே வைத்து, மீதியை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிப்பு மெதுவாக ஏறும்.

அப்படியும் சோறு மீந்தால் பானையோடு வைப்பதில்லை. தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சின்ன டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் போகும். மறுநாள் ஆவி பறக்க ஒரே ஒருமுறை சூடு. இல்லாவிட்டால் ராத்திரியே தண்ணீர் ஊற்றிக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பழையதாகக் குடித்துவிடுகிறோம். ஃப்ரிட்ஜின் முன்தட்டு முழுக்க, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாக்கள். அந்தத் தட்டு காலியாகாமல் புதிதாக எதையும் சமைப்பதில்லை என்பது சட்டம். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை நறுக்கிவிட்டுத் துணியில் சுற்றி வைக்கிறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கிடப்பதில்லை, சேர்ந்து கிடந்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். தக்காளி மலிந்தால் கூடுதலாக வாங்குவதுண்டு. ஆனால் வாங்கிய அன்றே உப்பும் புளியும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தொக்காகச் சுண்டவைத்துவிடுவேன். ஆச்சிகளின் வழி அதுதான்.

முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்தால் பழைய கை திரும்பி வந்துவிடுகிறது. அளவு பார்த்துச் சமைத்த பாத்திரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு ஒரு நிமிஷம் திக்கென்கிறது. தெருப் பெண்கள் வந்து கேட்டால் பணியாரமும் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே, "நாளைக்கு அரை டம்ளர் குறைச்சுப் போடுங்க" என்றும் சொல்கிறேன். அது அவர்களுக்கு அவ்வளவு பிடிப்பதில்லை.

அந்த அம்மா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அன்றைக்குச் சமைத்ததில் அவருக்கும் ஒரு தட்டு, நாங்கள் உட்காருவதற்கு முன்னால். சில நாள் சாப்பிடுவார், சில நாள் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் நான் வற்புறுத்துவதில்லை. மளிகைக் கணக்கு நன்றாகவே குறைந்திருந்தது. மாதம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அந்தத் தொகையை அவர் சம்பளத்தில் சேர்த்தேன். பழைய சாம்பாருக்காக நான் கழித்த வருஷங்களுக்கு அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

முதல்முறை கூட்டிக் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. நான் சொன்னது: "விலைவாசி ஏறிக்கிடக்குல்ல, வச்சுக்கோங்க." அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் மகள் வாசித்துக் காட்டுவதற்கு முன்னால், நானே அவரிடம் சொல்லியாக வேண்டும்.